மாறியதும் மாற்றியதும்

திண்டுக்கல் பூட்டுக் கடைக்காரர் ஒருவரிடம், "சாவி மாறிப்போச்சு" என்று என் வீட்டுப் பூட்டை நீட்டினேன். "தானா எப்படிங்க மாறும்? யாராச்சும் மாத்தியிருப்பாங்க" என்றார். இலக்கணத்தார் தன்வினை, பிறவினை என்று வகுத்ததை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

இந்த வேற்றுமை நமக்கு மட்டும் உரியதன்று. பழைய ஏற்பாட்டில் தானியேல் ஆகமத்தின் பெரும்பகுதி எபிரேயமல்ல, அரமேயம். பாரசீகப் பேரரசின் கச்சேரிகளில் எழுதப்பட்ட மொழி. அதில் 'ஷெனா' என்றால் மாறுதல். அதே வேரின் முன்னே 'ஹ' என்ற ஒலி சேர்ந்தால் மாற்றுதல்.

ஆறாம் அதிகாரத்தில் தரியு அரசன் ஓர் ஆணையில் கையெழுத்திடுகிறான். மேதியர், பாரசீகரின் சட்டத்தை ஒருவரும் மாற்றலாகாது. அங்கே வருவது பிறவினை. அந்த ஆணையிலேயே அரசனுக்குப் பிரியமான தானியேல் அகப்பட்டுக்கொள்கிறான். பொழுது சாயும்வரை முயன்றும் அரசனால் அவனை மீட்க முடியவில்லை. பிறகு சிங்கக் கெபியின் வாயில் கல்லை வைத்து முத்திரையிடுகிறார்கள், தானியேல் விஷயத்தில் எதுவும் மாறக்கூடாதென்று. இங்கே தன்வினை! சட்டத்தை மாற்ற ஆள் வேண்டும்; கல்லுக்குப் பின்னால் நடப்பதோ யாரையும் கேளாமலே மாறிவிடலாம் அல்லவா? முந்திய அதிகாரத்தில், சுவரில் எழுதிய கையைக் கண்ட பெல்ஷாத்சாரின் முகம் மாறியதற்கும் இதே தன்வினைதான்.

தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1719-இல் காலமானபோது பழைய ஏற்பாட்டின் தமிழாக்கம் ரூத் ஆகமம் வரையில்தான் வந்திருந்தது. மீதியை முடித்தவர் பெஞ்சமின் ஷுல்ட்சே. இந்தச் சொல்லுக்காக அவர் திண்டாடியிருக்க வேண்டியதில்லை. 'ஹ' செய்யும் வேலையைத் தமிழில் ஓர் ஒற்று செய்துவிடுகிறது: மாறு, மாற்று.

எங்கள் மலைக்கோட்டை நாயக்கர்களைப் பார்த்தது. 1755-இல் பௌஜ்தாராக வந்த ஹைதர் அலியைப் பார்த்தது. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையினால் திப்புவிடமிருந்து கும்பினியார் கைக்குப் போயிற்று. 'ஆட்சி மாறியது' என்று நாம் எழுதிவிடுகிறோம், மழை பெய்தது என்பதைப்போல. தானாகவா மாறிற்று? பீரங்கி வைத்தவன், கையெழுத்திட்டவன், வரி கொடுத்துத் தேய்ந்த குடியானவன் எல்லோரும் அந்தத் தன்வினைக்குள் மறைந்துபோகிறார்கள். நானும் என் கதைகளில் 'அவன் மாறிவிட்டான்' என்று எழுதியதுண்டு. அவனை மாற்றியது யார் என்று சொல்ல அஞ்சிய இடங்கள் அவை.

வீட்டுக்கு வந்து விசாரித்தேன். சாவியை மாற்றியவன் நான்தான்.