கஞ்சியிட்ட துணியும் களைத்த தலையும்

திண்டுக்கல் நாகல் நகரின் நெசவுத் தெருக்களில் வளர்ந்தோர் கஞ்சியின் இயல்பை அறிவர். பாவு நூல் தறியில் அறாதிருக்க விறைப்பு வேண்டும். நெய்த துணியை அணிபவருக்கோ மென்மை வேண்டும். நோயுற்றோர்க்குப் பணிபுரியும் மகளிரின் தலைத்துணி இவ்வுண்மையைக் கற்க மூன்று நூற்றாண்டுகள் ஆயின.

1633-இல் பாரிசில் புனித வின்சென்ட் தே பவுலும் புனித லூயிஸ் தெ மரிலாக்கும் பிறரன்புப் புதல்வியர் சபையைத் தோற்றுவித்தனர். ஏழை நோயாளிகளை இல்லந்தோறும் நாடிச் சென்ற அச்சகோதரியர் தொடக்கத்தில் உடுத்தியது எளிய நாட்டுப்புறப் பெண்களின் உடையே. அவர்களது தலைத்துணியோ பின்னாளில் கஞ்சியில் விறைத்து, சிறகு விரித்த வெண்பறவைபோல் அகன்றது. காண்போர்க்கு அது ஆறுதலின் அடையாளம். அணிந்தவர்க்கு அன்றாடச் சுமை.

1964 செப்டம்பர் 20-இல் அச்சபை அதனைக் கைவிட்டு எளிய முக்காட்டை ஏற்றது. மறு ஆண்டு அக்டோபர் 28-இல் வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் துறவறப் புதுப்பித்தல் ஏடு, துறவற உடை எளிமையாகவும், உடல்நலத்துக்கும் இடத்துக்கும் காலத்துக்கும் பணிக்கும் ஏற்றதாகவும் இருக்கவேண்டுமெனப் பணித்தது.

அந்த அளவுகோல் இன்றைய செவிலியர்க்கும் பொருந்தும். அறுவை அரங்கில் கூந்தல் முழுவதும் மூடப்பட வேண்டும். ஆனால் நாள்தோறும் இறுக இழுத்துக் கட்டினால் நெற்றியோர முடி உதிரும். கொண்டை அடங்கும் அகலம், அழுத்தாத விளிம்பு, வியர்வையை உறிஞ்சி வெந்நீரில் வெளுக்கத்தக்க பருத்தி ஆகியவையே நம் வெயில் நாட்டுக்குத் தேவை.

தறிக்குரிய விறைப்பை, பிறர் துயர் சுமந்து களைத்த தலைமேல் நாம் ஏற்றலாமா?