ஏர்வாடி தீ விபத்து

ஏர்வாடி தீ விபத்து என்பது தமிழ்நாட்டின் இராமநாதபுரம் மாவட்டத்திலுள்ள ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 அன்று தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் நிகழ்ந்த தீ விபத்தைக் குறிக்கும். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர்கள் 28 பேர் இதில் உயிரிழந்தனர். மனநோயின் மீதான சமூகக் களங்கம், நோயாளரின் சிகிச்சையையும் உரிமைகளையும் எவ்வளவு தூரம் பறிக்கக்கூடும் என்பதற்கு இந்நிகழ்வு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. இந்தியாவில் மனநலச் சட்டங்கள் நடைமுறைப்படுத்தப்படுவதிலும் இது ஒரு திருப்பமாக அமைந்தது.

பின்னணி

ஏர்வாடி, தூத்துக்குடியிலிருந்து இராமநாதபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில், கீழக்கரைக்கு அருகே மன்னார் வளைகுடாவை ஒட்டி அமைந்துள்ள ஊராகும். இங்குள்ள சுல்தான் சையது இப்ராகிம் சகீது பாதுஷாவின் தர்காவுக்கு முசுலிம்களும் இந்துக்களும் பிற சமயத்தவரும் வருகின்றனர். தர்காவின் புனித நீரும் விளக்கெண்ணெயும் மனநோயைத் தீர்க்கும் என்பது நெடுநாளைய நம்பிக்கை. கனவில் உத்தரவு கிடைத்த பின்னரே நோயாளர் ஊர் திரும்பலாம் எனப் பலர் கருதினர். அதனால் தங்கும் காலம் மாதங்களாகவும், சிலருக்கு ஆண்டுகளாகவும் நீண்டது.

நோயாளருடன் தங்க இயலாத குடும்பத்தினருக்காகத் தர்காவைச் சுற்றித் தனியார் காப்பகங்கள் தோன்றின. குடும்பத்தினர் பணம் கொடுத்து நோயாளரை விட்டுச் சென்றனர். இக்காப்பகங்கள் பலவற்றில் மருத்துவர் இல்லை. நோயாளர் ஓடிவிடாமல் இருக்கச் சங்கிலியால் பிணைக்கப்பட்டனர். மனநோய் மருத்துவமனைகளுக்கு உரிமம் தேவை என்று விதித்த 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டம், 1993 முதல் நடைமுறையில் இருந்தும் இங்கு பின்பற்றப்படவில்லை.

நிகழ்வு

மொய்தீன் பாதுஷா மனநலக் காப்பகத்தின் கூரைக் கொட்டகையில் அதிகாலை சுமார் 5 மணியளவில் தீப்பற்றியது. அப்போது அங்கு நாற்பதுக்கும் மேற்பட்டோர் இருந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் கட்டப்பட்டிருந்தமையால் தப்ப இயலவில்லை. பிணைப்பு தளர்வாக இருந்த சிலர் மட்டும் வெளியேறினர். 25 பேர் உடனடியாக இறந்தனர். பின்னர் இறந்தோரையும் சேர்த்து எண்ணிக்கை 28 ஆனது.

விசாரணையும் நீதிமன்ற நடவடிக்கைகளும்

ஒரு வாரத்திற்குள், ஆகஸ்ட் 13 அன்று, ஏர்வாடியின் மனநலக் காப்பகங்கள் மூடப்பட்டன. ஐந்நூறுக்கும் மேற்பட்ட நோயாளர்கள் அரசின் பொறுப்பில் எடுத்துக்கொள்ளப்பட்டனர். தமிழக அரசு இராமதாஸ் தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தது. காப்பகத்தின் உரிமையாளர், அவருடைய மனைவி, உறவினர் இருவர் ஆகியோருக்கு 2007இல் ஏழாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

இந்திய உச்ச நீதிமன்றம் இந்நிகழ்வைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. 2002 பெப்ரவரி 5 அன்று அது பிறப்பித்த ஆணையில், ஒவ்வொரு மாநிலமும் மனநலக் காப்பகங்களைக் கணக்கெடுக்க வேண்டும் என்றது. நோயாளரைச் சங்கிலியிடுவது சட்டவிரோதம் என்பதையும், அவர்களை வழிபாட்டிடங்களுக்கு அன்றி மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும் என்பதையும் ஊரகப் பகுதிகளில் பரப்புமாறும் பணித்தது.

களங்கத்தின் பங்கு

குடும்பத்தினர் ஏர்வாடியை நாடியதற்கு நம்பிக்கை மட்டும் காரணமன்று. அருகில் மனநல மருத்துவர் இல்லாமை, வறுமை, நீண்டகாலப் பராமரிப்பின் சுமை ஆகியனவும் காரணங்களாகும். இவற்றோடு களங்கமும் சேர்ந்துகொள்கிறது. வீட்டில் ஒருவருக்கு மனநோய் உண்டு என்று தெரிந்தால் உடன்பிறந்தோரின் திருமணம் தடைப்படும் என்னும் அச்சத்தால் நோய் மறைக்கப்படுகிறது. நோயாளரைத் தொலைவில் உள்ள ஊரில் விட்டுவருவது அவ்வாறு மறைப்பதற்கு எளிய வழியாகிறது.

பேய் பிடித்தல், செய்வினை, முற்பிறவி வினை போன்ற விளக்கங்கள் மருத்துவரைக் காண்பதைத் தாமதப்படுத்துகின்றன. ஆயினும் அவை பழியைக் குடும்பத்தின் மீதிருந்து ஓரளவு விலக்குவதால் பலருக்கு ஆறுதலாகவும் அமைகின்றன. மேலும், "பைத்தியம்" எனப் பெயரிடப்பட்டவர் கூறும் முறையீட்டை எவரும் பொருட்படுத்துவதில்லை. சங்கிலியும் அடியும் சிகிச்சை என்ற பெயரில் நீடித்ததற்கு இதுவும் காரணமாகும்.

2015-16இல் நிம்ஹான்ஸ் நிறுவனம் நடத்திய தேசிய மனநல ஆய்வு, நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சை பெறவில்லை எனக் கண்டறிந்தது.

இனப்பாகுபாடும் மனநலமும்

மனநோயாளரைத் தரம் பிரித்து நடத்துவது இந்தியாவில் குடியேற்றவாதக் காலத்திலும் காணப்பட்டது. சென்னையில் 1794இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் காலத்தில் மனநோயாளர் விடுதி தொடங்கப்பட்டது; கீழ்ப்பாக்கத்தில் உள்ள மருத்துவமனை 1871இல் ஏற்பட்டது. ராஞ்சியில் 1918இல் தொடங்கப்பட்ட மருத்துவமனை ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ-இந்தியருக்கும் உரியதாக இருந்தது. இந்தியருக்கான தனி மருத்துவமனை அதற்கு அருகே காங்கேயில் 1925இல் திறக்கப்பட்டது.

அமெரிக்காவில் 1851இல் சாமுவேல் கார்ட்ரைட் என்னும் மருத்துவர், அடிமைகள் தப்பியோட விரும்புவதையே ஒரு மனநோயாக வகைப்படுத்தினார். விடுதலை வேட்கைக்கு நோய்ப்பெயர் இட்ட இக்கருத்து, இனவெறி மருத்துவத்தின் மொழியில் பேசியதற்குச் சான்றாகும். இங்கிலாந்தில் 2017-18ஆம் ஆண்டில், மனநலச் சட்டத்தின் கீழ்க் கட்டாயமாகத் தடுத்துவைக்கப்பட்ட கறுப்பினத்தவரின் விகிதம் வெள்ளையரின் விகிதத்தைப் போல் சுமார் நான்கு மடங்காக இருந்தது. ஏர்வாடியில் இறந்தோரைப் பிரித்தது நிறமன்று. நோயின் பெயரும் வறுமையும் ஆகும். எனினும் இரு சூழல்களிலும் ஒரு பிரிவினரின் துன்பம் சிகிச்சைக்கு உரியதாக அன்றி, கட்டுப்படுத்தப்பட வேண்டியதாகவே பார்க்கப்பட்டது.

பின்விளைவுகள்

2010களில் ஏர்வாடி தர்காவில் மருந்தையும் பிரார்த்தனையையும் இணைக்கும் "தவா-துவா" திட்டம் செயற்படுத்தப்பட்டது. வழிபாட்டைத் தடுக்காமல், வருவோருக்கு அங்கேயே மனநல மருத்துவம் கிடைக்கச் செய்வது இதன் நோக்கமாகும். குசராத்தின் உனாவாவில் உள்ள தர்காவிலும் இத்தகைய திட்டம் உண்டு.

1987ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக 2017இல் மனநலப் பராமரிப்புச் சட்டம் இயற்றப்பட்டு, 2018இல் நடைமுறைக்கு வந்தது. மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியிடக் கூடாது என அதன் 95ஆம் பிரிவு தடை செய்கிறது. உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு வழங்கப்பட வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது.

இவற்றையும் பார்க்க

ஏர்வாடி
கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை
சாரதா மேனன்
மனப்பித்து