சுவரிலா, மடியிலா?

அயர்லாந்து நாட்டின் பாஸ்போர்ட்டிலும் யூரோ நாணயத்திலும் இருக்கும் ஹார்ப், டப்ளின் டிரினிட்டி கல்லூரி வசமுள்ள ஒரு பழைய வாத்தியத்தின் சாயல். உயரம் ஒரு மீட்டர்கூட இல்லை. 1014-இல் போர்க்களத்தில் மாண்ட பிரையன் போரு மன்னனின் ஹார்ப் என்பார்கள். அது கதைதான், வாத்தியத்தின் வயது 14 அல்லது 15-ஆம் நூற்றாண்டைத் தாண்டாது. வில்லோ மரக்கட்டையைக் குடைந்து செய்த உடல், 29 பித்தளைக் கம்பிகள், வளர்த்த நகத்தால் மீட்டும் முறை. இன்று இணையத்தில் ‘வீட்டு அலங்காரத்துக்கும் ஏற்றது, கற்றுக்கொள்ளவும் ஏற்றது’ என்று விற்கும் சின்ன ஹார்ப்களுக்கெல்லாம் இந்த வம்சத்தில்தான் வேர்.

அந்த இரண்டு ‘ஏற்றது’களும் ஒரே வாத்தியத்தில் எப்படி வந்து சேர்ந்தன என்பதற்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு.

அயர்லாந்தின் கேலிக் குறுநில மன்னர்களின் அவையில் ஹார்ப் வாசிப்பவருக்குக் கவிஞருக்கு அருகில் இடம். 17-ஆம் நூற்றாண்டில் அந்த மன்னர்கள் நிலத்தையும் அதிகாரத்தையும் இழந்தார்கள். புரவலர் போனதும் கலைஞர்கள் ஊர் ஊராகப் போய், பெரிய வீடுகளில் சில நாள் தங்கி வாசித்துப் பிழைத்தார்கள். அவர்களில் பலர் பார்வையற்றவர்கள். 1792 ஜூலையில் பெல்ஃபாஸ்டில், மிச்சமிருந்தவர்களை ஒன்றுகூட்டினார்கள். அயர்லாந்துக்காரர்கள் வந்ததே பத்துப் பேர். அவர்கள் வாசித்ததைக் குறித்துக்கொள்ள அமர்த்தப்பட்டவர் 19 வயது எட்வர்ட் பன்டிங். அவர்களில் பழைய முறைப்படி பித்தளைக் கம்பியை நகத்தால் மீட்டியவர் ஒரே ஒருவர், டெனிஸ் ஹெம்சன். மூன்று வயதில் அம்மையில் கண்ணை இழந்தவர். அப்போதே தொண்ணூறைக் கடந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

சில ஆண்டுகள் கழித்து ஒரு பாதிரியார் அவரது குடிசைக்குப் போனபோது, அடுப்புக்குப் பக்கத்தில் படுக்கையில் கிடந்தார் ஹெம்சன். ஹார்ப்பும் அதே போர்வைக்குள் இருந்தது. 1702-இல் கார்மாக் ஓ’கெல்லி செய்த வாத்தியம் அது. 1807-இல் ஹெம்சன் இறந்தார். பிற்காலத்தில் அந்த ஹார்ப்பை வாங்கியது கின்னஸ் பீர் நிறுவனம்.

பீர் கம்பெனிக்கு ஹார்ப் எதற்கு? 1862-இலேயே தன் புட்டி லேபிளில் டிரினிட்டி ஹார்ப்பின் படத்தைப் போட்ட நிறுவனம் அது. 1876-இல் வணிக முத்திரையாகவும் பதிந்துகொண்டது. 1922-இல் சுதந்திர அயர்லாந்து அதே ஹார்ப்பைத் தன் சின்னமாக்கியபோது அதை எதிர்ப்பக்கம் திருப்பி வைக்க வேண்டியிருந்தது. நாட்டின் சின்னத்துக்கும் பீர்ச் சின்னத்துக்கும் இன்றைக்கும் அதுதான் வித்தியாசம். வாசிக்க ஆள் அருகிப்போன வாத்தியம் படமாக எங்கும் நிறைந்தது. நம் யாழுக்கும் நேர்ந்தது இதுதானே? ஊர்ப்பெயரிலும் கோயில் சிற்பத்திலும் இருந்தது. வாசிக்கும் கை இல்லை. அதன் இலக்கணத்தை ஏடுகளிலிருந்து மீட்டெடுக்கவே விபுலாநந்த அடிகளுக்கு நெடுங்காலம் ஆயிற்று. ‘யாழ் நூல்’ 1947-இல்தான் வெளிவந்தது.

ஹெம்சன் இறந்து பன்னிரண்டு ஆண்டுக்குள் சின்ன ஹார்ப்புக்கு மறுபிறவி கிடைத்தது. டப்ளின் டாசன் தெருவில் கடை வைத்திருந்த ஜான் ஈகன் 1819 வாக்கில் ‘கையடக்க ஐரிஷ் ஹார்ப்’ என்ற ஒன்றை உருவாக்கினார். பார்வைக்குப் பழைய ஐரிஷ் ஹார்ப், வளைந்த தூணும் அப்படியே. உள்ளே எல்லாம் வேறு. குடைந்த கட்டைக்குப் பதில் வளைத்து ஒட்டிய மரக்கூடு. பித்தளைக்குப் பதில் குடல் நரம்பு. காரணம் எளிது. வாங்கப் போகிறவர்கள், காலால் மிதித்துச் சுருதி மாற்றும் பெடல் ஹார்ப்பில் பழகிய பணக்கார வீட்டுப் பெண்கள். அவர்கள் விரல் நுனியால் மீட்டுபவர்கள். பித்தளைக் கம்பி அவர்களுக்குச் சரிப்படாது. பச்சை, நீலம், கறுப்பு வண்ணம் பூசி, அதன் மேல் தங்க நிறத்தில் அயர்லாந்தின் அடையாளமான ஷாம்ராக் இலைகளை வரைந்து கொடுத்தார் ஈகன். கவிஞர் தாமஸ் மூருக்கு அவர் கொடுத்த ஹார்ப் இன்று ராயல் ஐரிஷ் அகாடமியில் இருக்கிறது.

ஈகன் ஹார்ப் வரவேற்பறைக்குப் பிறந்த குழந்தை. யாரும் வாசிக்காத நேரத்திலும் அது அழகாக நிற்க வேண்டும். ஆனாலும் அவர் ஏமாற்றவில்லை. தங்க இலைக்கு அடியில் இருந்தது ஒழுங்காக ஒலிக்கும் வாத்தியம். சுருதியை அரைச்சுரம் ஏற்ற விரலால் தள்ளும் அமைப்பையும் சில ஹார்ப்களில் வைத்தார். இன்றைய லீவர் ஹார்ப்புக்கு அதுவே முன்னோடி.

அங்கிருந்து அது கடல் தாண்டியது. 1910-களில் அமெரிக்காவின் சிரக்யூஸ் நகரில் மெல்வில் கிளார்க் 31 தந்தி ‘கிளார்க் ஐரிஷ் ஹார்ப்’பை விற்றார். 1953-இல் பிரான்சின் பிரிட்டனி வம்சாவளிக்காரர் ஜோர்த் கோஷ்வெலூ தம் கையால் ஒரு செல்டிக் ஹார்ப் செய்து, ஒன்பது வயது மகனிடம் கொடுத்தார். அந்தப் பையன்தான் பின்னாளில் ஆலன் ஸ்திவெல். 1971-இல் வெளிவந்த அவரது இசைத்தட்டு சின்ன ஹார்ப்பை இளைஞர்கள் கையில் சேர்த்தது. 2019-இல் யுனெஸ்கோவும் ஐரிஷ் ஹார்ப் வாசிப்பை மனிதகுலப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

தேவை பெருகியதும் செய்யும் இடம் மாறியது. பாகிஸ்தானின் சியால்கோட், பிரிட்டிஷ் படைகளுக்குப் பேக்பைப் செய்து பழகி, இன்று உலகுக்கே ஏற்றுமதி செய்யும் ஊர். அங்குள்ள பட்டறைகள் சீஷம் மரத்தில் ஹார்ப்பும் செய்கின்றன. தூணில் செல்டிக் முடிச்சுகளைச் செதுக்கும் கைகளில் குறையில்லை. ஆனால் அயல்நாட்டு வியாபாரி கேட்பது விலையும் வேலைப்பாடும். நாதத்தை வாசித்துப் பார்த்து எடுக்கும் ஆள் அந்த வழியில் எங்கும் இல்லை. கேட்டது கிடைக்கிறது.

இங்கேதான் வாங்குபவர் கண்ணைத் திறந்துகொள்ள வேண்டும். ஹார்ப் என்பது தன்னைத் தானே மெல்ல உடைத்துக்கொள்ளும் வாத்தியம். தந்திகள் நாதப்பலகையிலிருந்து நேராகக் கிளம்பி மேலே கழுத்துக்குப் போகின்றன. இரவும் பகலும் பலகையை மேல்நோக்கிப் பிடுங்குகின்றன. பெரிய பெடல் ஹார்ப்பில் இந்த இழுவை ஒரு டன்னை நெருங்கும். பலகை மெலிதாக இருந்தால் பாடும், ஆனால் பிளக்கும். தடித்தால் பிளக்காது, பாடவும் பாடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு இடத்தைப் பிடிப்பதுதான் ஹார்ப் செய்பவரின் தொழில். அலங்கார ஹார்ப் செய்பவருக்கு அந்தக் கவலை கிடையாது: தடித்த பலகை, தளர்ந்த தந்தி, முடிந்தது வேலை.

அமெரிக்காவில் நாமே ஒட்டிச் சேர்த்துக்கொள்ளும் 22 தந்தி ஹார்ப் ஒன்று விற்கிறது; அதன் கூடு வெறும் கெட்டி அட்டை. செதுக்கிய பளபளப்பான சீஷம் ஹார்ப் பலவற்றைவிட அது நன்றாகப் பேசும். அட்டை மெலிது, அதிர்கிறது, அவ்வளவுதான் சூட்சுமம்.

கையில் எடுத்துப் பார்க்க வாய்த்தால் முதலில் தந்தியின் நிறத்தைக் கவனியுங்கள். வாசிக்கிற ஹார்ப்பில் ‘ஸி’ தந்தி சிவப்பு, ‘எஃப்’ தந்தி கறுப்பு அல்லது நீலம். வாசிப்பவருக்கு அந்த நிறங்கள்தான் வழிகாட்டி. எல்லாத் தந்தியும் ஒரே நிறமாக இருந்தால், செய்தவர் வாசிப்பவரை நினைத்துச் செய்யவில்லை. பிறகு ஹார்ப்பைத் தோளில் சாய்த்து, மேலிருந்து கழுத்தை நோட்டம் விடுங்கள். தந்திகள் கழுத்தின் ஒரு பக்கத்தில்தான் கட்டப்படுகின்றன. பழைய ஹார்ப்பில் கழுத்து அந்தப் பக்கமாக முறுக்கிக்கொண்டிருந்தால் விட்டுவிடுங்கள். நாதப்பலகை லேசாக உப்பியிருந்தால் பயம் வேண்டாம், அது வாசித்த வாத்தியத்தின் அடையாளம். விரிசல்தான் ஆபத்து.

தந்திக் கணக்கு அடுத்தது. ஒரு ஸ்தாயிக்கு ஏழு தந்தி. 12 தந்தி ஹார்ப் ஒன்றரை ஸ்தாயிக்கு மேல் போகாது. இரண்டு கைக்கும் இடம் இருக்காது. 22 தந்தியில் மூன்று ஸ்தாயி கிடைக்கும், பழகத் தொடங்கப் போதும். 26-க்கு மேல் போனால் இடது கை மூச்சுவிடும். லீவர் இல்லாத ஹார்ப்பில் ஒவ்வொரு ஸ்கேலுக்கும் சுருதியை மாற்றிக் கட்ட வேண்டும். ‘ஸி’க்கும் ‘எஃப்’புக்கும் மட்டுமாவது லீவர் இருந்தால் ஸி, ஜி, டி என மூன்று ஸ்கேல்களில் வாசிக்கலாம். ஒவ்வொரு லீவரையும் தள்ளி மீட்டிப் பார்க்க வேண்டும். இரைச்சல் வந்தால் அது பொம்மை. கடைசியாகத் தந்திப் பட்டியல் கேளுங்கள். ஒவ்வொரு தந்திக்கும் தனித்தனிக் கனம். பட்டியல் இல்லாவிட்டால் ஒன்று அறுந்த அன்றே வாத்தியம் ஓய்வு பெற்றுவிடும்.

மலிவு விலையில் ‘லயர் ஹார்ப்’ என்று வருவது வேறு ஜாதி. இரண்டு கையும் குறுக்குச் சட்டமும் உள்ள அதில் தந்திகள் பலகைக்கு இணையாக ஓடும். இனிமையான வாத்தியம்தான், ஆனால் ஹார்ப் விரல்முறை அதில் படியாது.

அலங்காரத்துக்கே என்றால் இதில் எதுவும் தேவையில்லை. உருவம் பிடித்திருந்தால் வாங்கி மாட்டலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: பழம்பொருள் கடையில் கிடைத்த ஹார்ப்பை ஆசையில் முழுச் சுருதிக்கு முறுக்கிவிடாதீர்கள். நூறாண்டுப் பசை ஒரே இரவில் விட்டுக்கொடுக்கும்.

இரண்டுக்கும் ஒன்றே போதும் என்று நினைப்பவர்கள் ஈகனைப் பின்பற்றலாம். அவர் முதலில் ஒலிக்கும் ஹார்ப்பைச் செய்தார், அப்புறம்தான் இலை வரைந்தார். நல்ல வாத்தியத்தை எப்போது வேண்டுமானாலும் அழகாக நிறுத்தி வைக்கலாம். அழகுக்கென்று செய்ததை வாசிக்க வைக்க எந்த ஆசிரியராலும் முடியாது. பட்ஜெட் சிறியதென்றால் செதுக்கலை விட்டுக்கொடுங்கள், லீவரை விட்டுக்கொடுக்காதீர்கள்.