நொறுக்குத் தீனிக்கும் கணக்கு உண்டு

சென்ற ஆண்டு எங்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் கலவை முறையில் தன்வெப்பம் காணும் சோதனை நடந்துகொண்டிருந்தது. கலோரிமானியிலுள்ள நீரைக் கலக்கிக்கொண்டிருந்த மாணவன் ஒருவன் திடீரென்று மேசையைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டான். முகமெல்லாம் வியர்வை. தண்ணீர் கொடுத்து விசாரித்தேன். உடல் எடையைக் குறைப்பதற்காக இரண்டு வாரங்களாகக் காலை உணவையும் நண்பகல் உணவையும் விட்டுவிட்டானாம்.

"சாயங்காலம் என்னப்பா சாப்பிடுகிறாய்?" என்று கேட்டேன்.

"நாலு பஜ்ஜி, ஒரு பொட்டலம் கடலை, ரெண்டு டீ. அது சாப்பாட்டிலே சேராதே சார், சும்மா கொறிக்கிறதுதானே!"

அவன் எடை குறைந்ததா? இல்லை என்றான். அதுதான் அவனுக்குப் பெரிய வருத்தம். எனக்கு வியப்பளித்தது வேறொன்று. அவன் கையில் அப்போது எந்தக் கருவி இருந்ததோ, அதே கருவியின் வரலாற்றில்தான் அவனுடைய கேள்விக்கு விடையும் இருக்கிறது. அந்த வரலாற்றை இங்கே சற்றுப் பார்ப்போம்.

தராசில் தொங்கிய நாற்காலி

உணவையும் உடல் எடையையும் முறையாக அளந்து பார்க்க முனைந்தவர்களுள் முன்னோடி, இத்தாலியின் பாதுவா நகரில் மருத்துவப் பேராசிரியராக இருந்த சான்டோரியோ என்பவர். இவர் பெரிய தராசுக் கோல் ஒன்றில் நாற்காலியைத் தொங்கவிட்டு அதில் அமர்ந்தார். உண்ட உணவையும், பருகிய நீரையும், உடலிலிருந்து வெளியேறிய கழிவையும் பல ஆண்டுகள் விடாமல் நிறுத்துப் பார்த்தார். 1614ஆம் ஆண்டில் முடிவுகளை நூலாக வெளியிட்டார். ஒரு நாளில் 8 பவுண்டு உணவும் நீரும் உட்கொண்டால், அதில் ஏறக்குறைய 5 பவுண்டு கண்ணுக்குப் புலப்படாமலே தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் வெளியேறிவிடுகிறது என்று கண்டார்.

அந்த நாற்காலிக்கு இன்னொரு பயனும் இருந்தது. தரையிலிருந்து சிறிதளவே உயர்ந்து நிற்கும்படி எடைக்கற்களை அமைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தால், வேண்டிய அளவு உணவு வயிற்றுக்குள் போனதும் நாற்காலி கீழே இறங்கும். 'போதும், எழுந்திரு' என்று தராசே சொல்லிவிடும்! ஆனால் இவர் அளந்தது எடையை மட்டுமே. ஒரு பவுண்டு வெள்ளரிக்காயும் ஒரு பவுண்டு நெய்யும் அந்த நாற்காலிக்கு ஒன்றுதான். அளக்க வேண்டியது ஆற்றலை என்பது தெரிய மேலும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

பனிக்கட்டியின் நடுவே ஓர் உயிர்

1782-83ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் பாரிஸ் நகரில் லவாய்சியேயும் லாப்லாசும் பனிக்கட்டிக் கலோரிமானி ஒன்றை அமைத்தனர். நடுவிலுள்ள கூட்டில் கினி எலியொன்றை வைத்து, சுற்றிலும் பனிக்கட்டியை நிரப்பினர். எலியின் உடல் வெப்பத்தால் 10 மணி நேரத்தில் ஏறக்குறைய 13 அவுன்சு பனிக்கட்டி உருகியது. நமது அளவில் இது சுமார் 400 கிராம். ஒரு கிராம் பனிக்கட்டி உருக 80 கலோரி வேண்டும் என்பதை மாணவர் அறிவர். எனவே எலி வெளியிட்ட வெப்பம் 32,000 கலோரி, அதாவது 32 கிலோ கலோரி. உணவைப் பற்றிப் பேசும்போது பொதுமக்கள் 'கலோரி' என்று சொல்வது இந்தக் கிலோ கலோரியைத்தான். இனி நாமும் அவ்வாறே வழங்குவோம்.

அதே எலி வெளியிடும் கரியமில வாயுவையும் அவர்கள் அளந்தனர். அவ்வளவு வாயுவைத் தரும் கரியை எரித்தால் சுமார் பத்தரை அவுன்சு பனிக்கட்டி உருகும் என்று கணக்கிட்டனர். 13க்கும் பத்தரைக்கும் வேறுபாடு உண்டுதான். ஆயினும் உண்மை தெளிவாயிற்று: மூச்சு விடுவது என்பது சுடரில்லாமல் மெதுவாக எரிவது. உணவே அதற்கு விறகு. இதைக் கண்டறிந்த லவாய்சியே, பிரெஞ்சுப் புரட்சியின் கொந்தளிப்பில் 1794ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் தலை துண்டிக்கப்பட்டு இறந்தார்.

1840இல் ஜாவாத் தீவுக்குச் சென்ற கப்பலில் மருத்துவராகப் பணியாற்றிய ராபர்ட் மேயர், மாலுமிகளின் சிரை இரத்தம் வழக்கத்தைவிடச் செந்நிறமாக இருப்பதைக் கண்டார். வெப்ப நாட்டில் உடலைச் சூடாக வைத்துக்கொள்ளக் குறைந்த எரிதலே போதும். ஆகவே இரத்தத்தில் ஆக்சிஜன் மிஞ்சுகிறது என்று எண்ணினார். இந்த எண்ணமே வளர்ந்து 1842இல் ஆற்றல் அழிவின்மை விதியின் தொடக்க வடிவமாக வெளிவந்தது. நாம் வகுப்பில் படிக்கும் அந்த விதியின் ஒரு வேர் மனித உடலில் இருக்கிறது என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

அறைக்குள் மனிதன்

விதி உயிருள்ள உடலுக்கும் பொருந்துமா? 1894இல் ஜெர்மானியரான மாக்ஸ் ரூப்னர் நாயைக் கலோரிமானியில் வைத்து, பொருந்தும் எனக் காட்டினார். அடுத்து மனிதனின் முறை. அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்து மிடில்டவுன் நகரில் உள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில், வேதியியலாளர் ஆட்வாட்டரும் இயற்பியலாளர் ரோசாவும் 1890களில் ஒரு சிறிய அறையையே கலோரிமானியாக்கினர். செம்பாலும் துத்தநாகத்தாலும் ஆன சுவர்கள். மடக்குக் கட்டில், நாற்காலி, மேசை. உள்ளேயே மிதிக்க ஒரு சைக்கிளும் உண்டு. ஆள் நாள்கணக்கில் அதற்குள் வாழ்வார். சிறு துளை வழியாக உணவு போகும், கழிவு வரும். குழாய்களில் ஓடும் நீர் அவரது உடல் வெப்பத்தை ஏந்தி வெளியே கொண்டுவரும். உணவாக உள்ளே சென்ற ஆற்றலும், வெப்பமாகவும் உழைப்பாகவும் வெளிவந்த ஆற்றலும் கிட்டத்தட்ட முழுவதும் ஒத்துப்போயின.

இந்த ஆய்வுகளிலிருந்து கிடைத்தவையே இன்றும் வழங்கும் எண்கள்: ஒரு கிராம் மாவுப்பொருள் 4 கலோரி, புரதம் 4, கொழுப்பு 9. நம் நாட்டு உணவுகளுக்கு இத்தகைய பட்டியலைத் தயாரித்த பெருமை நம் குன்னூருக்கு உண்டு. அங்கு 1918இல் மக்காரிசன் தொடங்கிய ஆய்வுக்கூடம் அவருக்குப் பின் அய்க்ராய்டின் பொறுப்பில் வந்தது. 1937இல் இந்திய உணவுகளின் சத்து மதிப்புகள் அங்கிருந்து நூலாக வெளிவந்தன. அந்நிறுவனமே பின்னர் ஐதராபாத்துக்கு மாறி, 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்னும் பெயர் பெற்றது.

ஆய்வுக்கூடத்திலிருந்த கலோரியைச் சமையலறைக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கப் பெண் மருத்துவர் லூலு ஹண்ட் பீட்டர்ஸ். தாமே எடை மிகுந்து, பின் குறைத்துக் காட்டியவர் அவர். 1918இல் வெளியான அவரது நூல், 'ஒரு துண்டு ரொட்டி' என்பதற்குப் பதில் '100 கலோரி ரொட்டி' என்று எண்ணப் பழகச் சொன்னது. அப்படி எண்ணத் தொடங்கியதும் உணவு வேளைக்கும் இடைவேளைக்கும் இருந்த சுவர் இடிந்தது. வாயில் போகும் எதுவும் கணக்கில் ஏறும்.

மூன்று வேளையா, ஆறு வேளையா?

அளவு தெரிந்தபின் பிறந்த கேள்வி இது. 1964இல் பிராகு நகர ஆய்வாளர் ஃபாப்ரி குழுவினர், அடிக்கடி சிறிது சிறிதாக உண்போரிடையே எடை மிகுதி குறைவாக இருப்பதாக லான்செட் இதழில் எழுதினர். 'அடிக்கடி உண்டால் உடலின் அடுப்பு அணையாமல் எரியும்' என்ற நம்பிக்கை பரவுவதற்கு இத்தகைய செய்திகள் துணை செய்தன.

கணக்கிட்டுப் பார்ப்போம். உண்ட உணவைச் செரிக்கவும் சேமிக்கவும் உடல் செலவிடும் ஆற்றல், உணவின் ஆற்றலில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. நாளொன்றுக்கு 1,800 கலோரி என்று கொள்வோம். மூன்று வேளையாக உண்டால் வேளைக்கு 600, செரிக்க 60, மூன்று வேளைக்கு 180. ஆறு வேளையாக உண்டால் வேளைக்கு 300, செரிக்க 30, ஆறு வேளைக்கு அதே 180! கனடாவில் நடந்து 2010இல் வெளியான ஓர் ஆய்விலும் இதுவே தெரிந்தது. உடல் பருத்த 16 பேர் எட்டு வாரங்கள் சம அளவு குறைக்கப்பட்ட கலோரிகளை உண்டனர். மூன்று வேளை மட்டும் உண்டவர்களுக்கும், மூன்று வேளையோடு மூன்று சிற்றுண்டியும் உண்டவர்களுக்கும் எடை குறைந்த அளவில் வேறுபாடு இல்லை.

அப்படியானால் பிராகில் கண்டது என்ன? இரண்டு காரணங்கள் கூறப்படுகின்றன. பருமனாக இருப்பவர்களே எடையைக் குறைக்க வேண்டி வேளைகளைத் தவிர்ப்பது வழக்கம். விளைவைக் காரணம் என்று எண்ணிவிட்டோம். மற்றொன்று, தாம் கொறித்ததை மனிதர் மறந்துவிடுகின்றனர்.

மறக்காத நீர்

மறதியை எப்படி அளப்பது? இங்கும் இயற்பியல் கைகொடுத்தது. கன ஹைட்ரஜனும் ஆக்சிஜன்-18உம் கலந்த நீரை ஒருவர் குடிக்கிறார். கன ஹைட்ரஜன் நீராக மட்டுமே உடலைவிட்டு வெளியேறும். ஆக்சிஜன்-18 நீராகவும் கரியமில வாயுவாகவும் வெளியேறும். இவ்விரண்டு வேகங்களின் வேறுபாடே கரியமில வாயுவின் அளவு. அதிலிருந்து அவர் செலவழித்த ஆற்றலைக் கணக்கிடலாம். அறைக்குள் அடைபட வேண்டியதில்லை. 1950களில் லிஃப்சன் விலங்குகளில் உருவாக்கிய இம்முறையை 1982இல் ஷோல்லர் மனிதருக்குப் பயன்படுத்தினார்.

1992இல் நியூயார்க்கில், 'குறைவாகவே உண்கிறோம், எடை மட்டும் குறையவில்லை' என்று சொன்ன சிலரை இம்முறையில் சோதித்தனர். அவர்கள் தம் உணவைச் சராசரியாக 47 விழுக்காடு குறைத்தும், உடலுழைப்பை 51 விழுக்காடு கூட்டியும் சொல்லியிருந்தனர். உடலின் அடுப்பில் குறையொன்றும் இல்லை. அவர்கள் பொய்யர்கள் அல்லர், மனிதர்கள். கொறித்ததை நினைவு வைத்துக்கொள்ளும் பழக்கம் நம்மில் யாருக்கு இருக்கிறது?

கடிகாரம் சொல்வது என்ன?

உண்ணும் நேரத்துக்கு மதிப்பே இல்லையா? ஸ்பெயினில் 420 பேரிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், பிற்பகல் 3 மணிக்குப் பின் பகலுணவு உண்டவர்களுக்கு எடை குறைவாகவே இறங்கியது. ஆனால் 2022இல் இரண்டு சோதனைகள் வெளிவந்தன. சீனாவின் குவாங்சௌ நகரில் 139 பேர் ஓராண்டு கலோரியைக் குறைத்து உண்டனர். அவர்களில் ஒரு பகுதியினர் காலை 8 முதல் மாலை 4 வரை மட்டுமே உண்டனர். அவர்களுக்குச் சராசரியாக 8 கிலோவும் மற்றவர்களுக்கு 6.3 கிலோவும் குறைந்தன. இந்த வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடியதே என்று புள்ளியியல் கூறியது. ஸ்காட்லாந்தின் அபெர்டீனில் 30 பேருக்குக் காலையில் மிகுதியாகவும், பிறகு இரவில் மிகுதியாகவும் உணவளித்தனர். குறைந்த எடை இரண்டிலும் ஒன்றே. ஆனால் காலையில் மிகுதியாக உண்ட நாள்களில் பசி குறைவாக இருந்தது.

இங்கேதான் நம் மாணவனின் சிக்கல் விளங்குகிறது. நேரம், கலோரியின் மதிப்பை மாற்றுவதில்லை, பசியை மாற்றுகிறது. பகலெல்லாம் பட்டினி கிடந்தவன் மாலையில் கணக்குப் பார்ப்பதில்லை. ஒரு பஜ்ஜி 5 கிராம் எண்ணெய் குடித்திருந்தால் எண்ணெய்க்கு மட்டும் 45 கலோரி, நான்குக்கு 180. தேநீரில் 10 கிராம் சர்க்கரை என்றால் 40, இரண்டுக்கு 80. கடலை வேறு. இத்தனையும் 'சாப்பாட்டில் சேராதவை'! இரவுச் சாப்பாடு இதற்குப் பிறகுதான்.

எனவே நொறுக்குத் தீனி குற்றவாளி அன்று. கணக்கில் எழுதாமல் விடுவதே குற்றம். நாளொன்றுக்கு உரிய அளவில் ஒரு சிறு பங்கை மாலைக்கென முன்பே ஒதுக்கி வைக்கலாம். ஒரு கைப்பிடி சுண்டலோ, ஒரு கொய்யாப் பழமோ அதில் அடங்கும்; அந்த அளவை இரவு உணவில் குறைத்துக்கொள்ளலாம். எடை குறையக் குறைய உடலின் செலவும் குறைவதால், தொடக்கத்து வேகம் நீடிக்காது என்பதையும் எதிர்பார்க்க வேண்டும். நீரிழிவுக்கு மருந்து உண்போர் வேளை தவறுவது ஆபத்து. அவர்கள் மருத்துவரைக் கேளாமல் எதையும் மாற்றக்கூடாது.

அந்த மாணவன் இப்போது காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு வருகிறான். ஆய்வுக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் தேநீர் முதற்கொண்டு எழுதிவைக்கிறான். எடை எவ்வளவு குறைந்தது என்று நான் கேட்கவில்லை. தன்வெப்பச் சோதனையை மட்டும் அடுத்த முறை நின்றுகொண்டே முடித்தான்.