மலை ஏறாத சைக்கிள்

1990-களில், எரிபொருள் தடைக்குள் சிக்கிய யாழ்ப்பாணத்தைச் சுமந்தது சைக்கிள்தான். றலி, லுமாலா எனப் பெயர் எதுவானாலும் பெரும்பாலும் கியரில்லாத கனத்த வண்டிகள். சமதரைக்கு அவை போதும். ஏறத்தாழ 4,000 அடி உயரத்து மஸ்கெலியாவிலோ அவற்றைத் தள்ளிக்கொண்டுதான் ஏறவேண்டும்.

இத்தனைக்கும் கியர் புதுச் சரக்கன்று. டூர் டி பிரான்ஸ் பந்தயம் சங்கிலி மாற்றும் கியரை 1937-இலேயே அனுமதித்துவிட்டது. 1970-களில் கலிபோர்னியக் குன்றுகளில் உருவான மலைச் சைக்கிளின் தாழ்ந்த கியரும் நேரான கைப்பிடியும், சாலைச் சைக்கிளின் பெரிய சக்கரமும் பின்னர் கூடியதே ‘ஹைபிரிட்’. 2022 எரிபொருள் பஞ்சத்தில் சைக்கிள் தேடிய மலையகத்தாருக்கு ஏற்றது இதுவே.

‘21 கியர்’ என்னும் விளம்பரத்தில் மயங்காதீர்கள். முன்பற்சக்கரம் சிறிதா, பின்பற்சக்கரம் பெரிதா என்று பாருங்கள். மழை இறக்கத்துக்கு டிஸ்க் பிரேக் நல்லது. லயத்துக்குச் செல்லும் கரடுமுரடான கற்பாதையானால் மலைச் சைக்கிளே வேண்டும்.