குப்புறப் படுக்கச் சொன்ன காலம்: திடீர்ச் சிசு மரணமும் மருத்துவ அறிவுரையும், 1944–1994

நன்றாகப் பால் குடித்துத் தூங்கிய குழந்தை விடியும்போது உயிரோடு இல்லை. பிரேதப் பரிசோதனையிலும் காரணம் அகப்படவில்லை. ஒரு வயது நிறையாத குழந்தைகளின் இத்தகைய இறப்புகளைத் 'திடீர்ச் சிசு மரணம்' என்று தனியே வகைப்படுத்தும் வரையறை, 1969இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் நடந்த மாநாட்டில் உருவானது. இரண்டு முதல் நான்கு மாதக் குழந்தைகளே இதற்கு அதிகம் பலியாகிறார்கள். குப்புறப் படுக்க வைப்பது இந்த ஆபத்தைக் கூட்டுகிறது என்பது இன்று உறுதி. அப்படியிருக்க, குப்புறப் படுக்க வையுங்கள் என்ற அறிவுரை மேலைநாடுகளில் எப்படி வேரூன்றியது, அதைப் பிடுங்கியெறிய ஏன் இவ்வளவு காலம் ஆனது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

முதல் எச்சரிக்கை 1944இலேயே வந்துவிட்டது. நியூயார்க்கில் மூச்சுத்திணறி இறந்ததாகப் பதிவான குழந்தைகளை ஆராய்ந்த ஹெரால்ட் ஆப்ராம்சன், அவர்களில் பலர் குப்புறக் கிடந்ததைக் கவனித்தார். ஆரோக்கியமான குழந்தை மூச்சு முட்டினால் தானே தலையைத் திருப்பிக்கொள்ளும் என்று சொல்லி மற்றவர்கள் அதை மறுத்தார்கள். எச்சரிக்கை அத்தோடு அமுங்கிப்போயிற்று.

1946இல் வெளிவந்த குழந்தை மருத்துவர் பெஞ்சமின் ஸ்பாக்கின் குழந்தை வளர்ப்பு நூல் கோடிக்கணக்கில் விற்றது. அமெரிக்கத் தாய்மார்களுக்கு அது வீட்டு வைத்தியரைப் போல. 1950களின் பிற்பகுதியில் வந்த பதிப்பு, மல்லாந்து கிடக்கும் குழந்தை பாலைக் கக்கினால் புரையேறிவிடும், தலையும் ஒரு பக்கம் தட்டையாகும் என்று காரணம் காட்டிக் குப்புறப் படுக்க வைக்கச் சொன்னது. அடுத்த இருபதாண்டுகளில் மருத்துவமனைகளும் இதற்குத் துணைநின்றன. குறைமாதக் குழந்தைகள் குப்புறக் கிடக்கும்போது நன்றாக மூச்சுவிடுவதைச் செவிலியர் கண்டார்கள். ஆனால் அந்தக் குழந்தைகளை அங்கே இரவும் பகலும் கண்காணிக்க ஆளும் கருவியும் இருந்தன. வீட்டுக்குப் போனது பழக்கம் மட்டும்தான்.

புரையேறும் என்ற அச்சம் கேட்பதற்கு நியாயமாகவே படும். உடற்கூறு சொல்வதோ நேர்மாறானது. குழந்தை மல்லாந்திருக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கின்றன. எதுக்களித்து வரும் பால் மூச்சுக்குழாய்க்குள் போக மேல்நோக்கி ஏறியாக வேண்டும். குப்புறக் கிடந்தாலோ அதே பால் மூச்சுக்குழாயின் வாயருகே வந்து தேங்குகிறது. எளிய படம் ஒன்று வரைந்து பார்த்திருந்தாலே இது புலப்பட்டிருக்கும்.

1965இலும் 1970இலும் வெளியான இரண்டு ஆய்வுகள், இறந்த குழந்தைகளை உயிரோடிருந்த குழந்தைகளோடு ஒப்பிட்டிருந்தன. இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால், குப்புறப் படுத்த குழந்தைக்கு ஆபத்து ஏறத்தாழ மூன்று மடங்கு. யாரும் சேர்த்துக் கணக்கிடவில்லை. 1972இல் வந்த ஓர் அமெரிக்கக் கட்டுரை தூக்கத்தில் மூச்சு நின்றுபோவதே காரணம் என்று வாதிட, ஆய்வுப் பணமும் கவனமும் மூச்சைக் கண்காணிக்கும் கருவிகள் பக்கம் திரும்பின. அக்கட்டுரை எடுத்துக்காட்டிய இரண்டு மரணங்கள் தாயே செய்த கொலைகள் என்று 1995இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

திருப்பம் வேறு திசையிலிருந்து வந்தது. குழந்தைகளை மல்லாக்கப் படுக்க வைப்பதே வழக்கமாக இருந்த ஹாங்காங்கில் இந்த மரணம் மிக அரிது என்று 1985இல் டேவிஸ் என்ற மருத்துவர் எழுதினார். நெதர்லாந்தில் 1970களில் குப்புறப் படுக்கை பரவியதை ஒட்டி மரணங்கள் ஏறியிருந்தன. 1987இல் அந்நாட்டுக் குழந்தை மருத்துவர் குஸ் டி யோங்க் அப்பழக்கத்தைக் கைவிடும்படி பகிரங்கமாகக் கேட்டுக்கொண்டார். சிறிது காலத்திலேயே மரணங்கள் சுமார் 40 விழுக்காடு குறைந்தன. இங்கிலாந்தின் ஏவன் பகுதியில் பீட்டர் ஃப்ளெமிங் குழுவினர், இறந்த ஒவ்வொரு குழந்தையையும் அதே வட்டாரத்தில் அதே வயதுள்ள இரண்டு குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். எப்படிப் படுத்திருந்தது, எத்தனை போர்வை, அறையில் எவ்வளவு சூடு என்று வீடு வீடாகக் கேட்டார்கள். 1990இல் வெளியான முடிவில், குப்புறப் படுத்த குழந்தைகளுக்கு ஆபத்து எட்டு மடங்குக்கும் மேல். அதிகப் போர்வையும் சூடும் தனியே ஆபத்தைக் கூட்டின.

1991இல் நியூசிலாந்து, குப்புறப் படுக்க வைக்காதீர்கள் என்ற பிரசாரத்தில் இறங்கியது. அதே ஆண்டு பிரிட்டனில், தன் நான்கு மாத மகனை இழந்த தொலைக்காட்சி அறிவிப்பாளர் ஆன் டயமண்ட் நியூசிலாந்து சென்று பார்த்து வந்து சுகாதாரத் துறையை நெருக்கினார். டிசம்பரில் பிரிட்டனும் பிரசாரத்தைத் தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே மரணங்கள் பாதிக்கும் கீழே இறங்கின. அமெரிக்கா 1994இல் பின்தொடர்ந்தது. ஒருக்களித்துப் படுக்க வைக்கலாம் என்ற சலுகையும், குழந்தை எளிதில் குப்புறப் புரண்டுவிடுவதால், பிறகு கைவிடப்பட்டது.

2005இல் லண்டனின் ரூத் கில்பர்ட் குழுவினர் பழைய ஆய்வுகளையும் 1940 முதல் வந்த குழந்தை வளர்ப்பு நூல்களையும் தொகுத்துப் படித்தார்கள். சான்றுகளை 1970இலேயே முறையாகத் தொகுத்திருந்தால் பிரிட்டனில் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகளையும், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து முழுவதும் குறைந்தது 50,000 குழந்தைகளையும் காப்பாற்றியிருக்கலாம் என்பது அவர்கள் மதிப்பீடு. இதை அறியாமை என்று மன்னித்துவிட முடியாது. தாய்மார்கள் சொன்னபடிதான் செய்தார்கள். சொன்னவர்கள்தான், தங்களிடமே இருந்த கணக்கைப் பார்க்கவில்லை.

குப்புறக் கிடக்கும் எல்லாக் குழந்தைகளும் ஏன் இறப்பதில்லை என்பதற்கு பாஸ்டனில் ஹன்னா கின்னி குழுவினரின் ஆய்வுகள் ஒரு விடை தருகின்றன. இறந்த குழந்தைகள் பலரின் மூளைத்தண்டில் செரட்டோனின் என்ற நரம்பு வேதிப்பொருளின் செயல்பாடு குறைபட்டிருந்தது. முகம் மெத்தையில் புதைந்து, விட்ட மூச்சையே திரும்ப இழுத்துக் கரியமில வாயு ஏறும்போது மற்றக் குழந்தைகள் விழித்துத் தலையைத் திருப்புகின்றன; இக்குழந்தைகள் விழிப்பதில்லை. எந்தக் குழந்தைக்கு இக்குறை உண்டென்று முன்கூட்டியே அறியும் சோதனை வழக்கத்தில் இல்லை. ஆகவே எல்லாக் குழந்தைகளையும் மல்லாக்க, தலையணையோ மெத்துமெத்தென்ற துணிகளோ இல்லாத கெட்டியான மெத்தையில், பெற்றோரின் அறையிலேயே தனிப் படுக்கையில் கிடத்துவது, தாய்ப்பால் கொடுப்பது, கருவிலும் பிறந்த பின்னும் புகையிலைப் புகை படாமல் காப்பது என்பதே நடைமுறை. 2000க்குப் பிறகு அமெரிக்காவில் மரணங்கள் முன்போல் வேகமாகக் குறையவில்லை. கறுப்பினக் குழந்தைகளிடமும் பூர்வகுடிக் குழந்தைகளிடமும் விகிதம் வெள்ளையினக் குழந்தைகளைவிட மிக அதிகமாகவே நீடிக்கிறது.