ஆணையும் வாய்மையும்

கடவுளை நம்பாதவனின் வாக்கை நம்பலாமா? கிறித்தவ ஐரோப்பா நெடுங்காலம் கேட்டுவந்த கேள்வி இது. கேட்டவர் அனைவரும் மதவெறியர் அல்லர். சமயப் பொறைக்காக வாதாடிய அறிஞர் ஜான் லாக்கே, 1689-ல் வெளிவந்த தமது மடலில், அந்தப் பொறையில் நாத்திகருக்குப் பங்கில்லை என்றார். ஆணையும் ஒப்பந்தமும் அவர்களைக் கட்டுப்படுத்தா என்பது அவர் காட்டிய காரணம். நரகத்துக்கு அஞ்சாதவனிடம் நாணயம் இராது என்பதன்றி இதற்கு வேறு பொருளுண்டோ?

இந்தக் கருத்து ஏட்டோடு நின்றுவிடவில்லை. 1869-ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை, "எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை" என்று ஒளிவுமறைவின்றி உரைத்தவனின் சாட்சியத்தை இங்கிலாந்து நீதிமன்றங்கள் ஏற்கவில்லை. உள்ளத்திலே நம்பிக்கையின்றி, உதட்டிலே ஆணையை உச்சரித்தவனோ தாராளமாகக் கூண்டேறலாம்! பொய்யனுக்குத் திறந்த கதவு, மெய்யனுக்கு மூடிக்கொண்டது. இந்தக் கேலிக்கூத்தை ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-லேயே அம்பலப்படுத்தினார்.

இந்நிலையில்தான், 1880-ல் நார்தாம்ப்டன் தொகுதி மக்கள் சார்லஸ் பிராட்லாவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். ஏழைக் குமாஸ்தாவின் மகன். இளமையிலே ஞாயிறு பள்ளியில் பாடம் சொன்னவர். சுவிசேஷங்களுக்கிடையே முரண் கண்டு கேள்வி கேட்டதால் வீட்டைவிட்டே வெளியேற நேர்ந்தவர். 1866-ல் தேசியச் சமயச்சார்பற்றோர் சங்கத்தை நிறுவியவர். ஆண்டவன் பெயரால் ஆணையிடுவதற்குப் பதிலாக உறுதிமொழி கூற அனுமதி கேட்டார். மறுத்தனர். "சரி, சடங்குச் சொற்கள் எனக்குப் பொருளற்றவையெனினும், ஆணையையே எடுக்கிறேன்" என்றார். இங்கே அவர் சற்றுச் சறுக்கினார் என்றே நாம் கருதுகிறோம். எதிரிகளுக்கு அதுவே ஆயுதமாயிற்று. நாத்திகன் வாயால் ஆணை கூடாது என்று கூக்குரலிட்டனர். உறுதிமொழியும் கூடாது, ஆணையும் கூடாது! 1880 ஜூனில் பாராளுமன்ற மணிக்கூண்டில் ஓரிரவு சிறைவைத்தனர். 1881 ஆகஸ்டில் உடை கிழிய வெளியே இழுத்துச் சென்றனர். மக்களோ, பொதுத் தேர்தலும் இடைத்தேர்தலுமாக, ஐந்து முறை அவரையே தேர்ந்தெடுத்தனர்.

கிறித்தவ அறத்தை நாம் இகழவில்லை. ஏழைக்கு இரங்கு, பகைவனிடமும் அன்பு காட்டு என்ற போதனையில் பழிக்க என்ன இருக்கிறது? ஆணையே இடாதீர், ஆம் என்றால் ஆம், இல்லையென்றால் இல்லை என்றிருங்கள் என்று மலைப்பிரசங்கத்திலே போதித்தவரும் ஏசுதானே! அந்தச் சொல்லுக்குப் பணிந்தே குவேக்கர்கள் ஆணையிட மறுத்தனர். அவர்களுள் ஒருவரான ஜோசப் பீஸ், 1833-ல் உறுதிமொழி மட்டும் கூறி அதே மன்றத்தில் அமர்ந்தார். குவேக்கருக்கு உரிமையானது நாத்திகருக்குக் குற்றமானது எங்ஙனம்? ஏசு கேட்ட வாய்மையைப் பிராட்லா தர முன்வந்தார். ஏசுவின் பெயரால் பேசிய கார்டினல் மானிங் போன்றோர் தடுத்தனர். நற்பண்பு மனிதனிடம் விளைவதா, நம்பிக்கைச் சீட்டிலே எழுதப்படுவதா என்பதே அங்கு வழக்கு.

ஒருவரை மறப்பது நன்றியன்று. ஆழ்ந்த கிறித்தவரான பிரதமர் கிளாட்ஸ்டன், உறுதிமொழி மசோதாவுக்காக 1883 ஏப்ரலில் மன்றத்திலே வாதாடினார். 292-க்கு 289 என, மூன்றே வாக்குகளில் மசோதா தோற்றது. பக்தரிலும் நீதிமான் உண்டு. அவருடைய நீதிக்கு அவர் பக்தியை அளவுகோலாக்காதீர் என்றுதான் சொல்கிறோம்.

அதே ஆண்டுகளில், 1882 முதல் 1888 வரை, சென்னையிலும் பகுத்தறிவாளர் கூடித் 'தத்துவவிவேசினி' என்ற ஏட்டைத் தமிழிலே நடத்தி, லண்டன் சங்கத்தோடு உறவு கொண்டிருந்தனர். (1877-ல் பிராட்லாவோடு குற்றவாளிக் கூண்டில் நின்ற அன்னி பெசன்ட், பின்னாளில் பிரம்மஞானம் பேசி அடையாற்றில் குடியேறியது தனிக்கதை.)

1886-ல் புதிய சபாநாயகர் எவர் தடையையும் பொருட்படுத்தாது, பிராட்லாவை ஆணையெடுத்து அமரச் செய்தார். அமர்ந்தவர் தமக்கு இழைத்த கொடுமைக்குப் பழிவாங்கப் புறப்படவில்லை. நம்பிக்கையற்றவர் எவரும் உறுதிமொழி கூறலாம் என்ற சட்டத்தை 1888-ல் நிறைவேற்றி வைத்தார். அடுத்த ஆண்டு பம்பாய்க் காங்கிரஸ் மாநாட்டுக்கு வந்து, இந்தியருக்காகவும் குரல் கொடுத்தார்.

1891 ஜனவரி 27 அன்று, அவரை விலக்கிய பழைய தீர்மானத்தைத் தன் குறிப்பேட்டிலிருந்து அடித்துவிட மன்றம் முடிவுசெய்தது. பிராட்லா அப்போது நினைவிழந்து படுக்கையில் கிடந்தார். மூன்று நாளில் உயிர் பிரிந்தது. செய்தி அவர் செவிக்கு எட்டவேயில்லை. சவ ஊர்வலத்தில் சென்றவர்களுள், லண்டனில் சட்டம் பயின்றுகொண்டிருந்த இளைஞர் காந்தியும் ஒருவர்.